காம்பஸ் அக்கா திருப்பி அனுப்பிய ஆள்

என் அண்ணியின் கைப்பையில் எப்போதும் ஒரு காம்பஸ் இருக்கும். திசை பார்க்கிற கருவி. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதலில் வாசலில் நின்று அதை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். முள் ஆடி நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டாள். அதனால் தெருவில் அவளுக்குப் பெயரே காம்பஸ் அக்கா என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், "அக்கா, எங்க வீட்டுக்குப் போறதுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டுக் கிண்டல் செய்வார். அவளுக்குக் கோபம் வராது. கையை நீட்டி வழி காட்டுவாள்.

அண்ணி ஒரு லாட்ஜில் பன்னிரண்டு வருடம் அறை துப்புரவு செய்தவள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. அங்கே மூன்றாவது மாடியில் ஒரு மூலை அறையில் யாரும் இரண்டாவது நாள் தங்குவதில்லையாம். முதலாளி எங்கிருந்தோ ஃபெங் சுய் என்கிற சீன வாஸ்து நிபுணர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவருக்கு ஏணி பிடிக்கவும் வாளி தூக்கவும் ஒரு வாரம் அண்ணியை அனுப்பினார்கள். வீட்டுக்கு வாசல்தான் வாய், நல்ல சக்தி அது வழியாகத்தான் உள்ளே வரும், படுத்தால் கால் கதவுக்கு நேராக நீளக் கூடாது, ஓடாத கடிகாரமும் விரிசல் விட்ட பாத்திரமும் வீட்டில் இருக்கக் கூடாது, வாசலுக்கு எதிரே கண்ணாடி மாட்டினால் உள்ளே வருகிற நல்லதை அது அப்படியே வெளியே தள்ளிவிடும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, அண்ணி வாயைப் பிளந்து கேட்டிருக்கிறாள். போகும்போது பழைய காம்பஸையும் மெல்லிய புத்தகம் ஒன்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூலை அறை என்ன ஆயிற்றோ தெரியாது, அண்ணி அடுத்த மாதமே லாட்ஜ் வேலையை விட்டுவிட்டாள்.

முதல் சோதனை எங்கள் வீட்டில்தான் நடந்தது. என் அண்ணன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் கட்டில் வேறு சுவரில் இருக்கும். ஒருநாள் பழக்கதோஷத்தில் நாற்காலி இருந்த இடத்தில் உட்காரப் போய்த் தரையில் விழுந்தார். "ஊரெல்லாம் வழி தெரியுது, என் வீட்லதான் வழி தெரியல" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அவர் சாது.

நான் சாது இல்லை. தைக்கிற கம்பெனி மூடியபிறகு வேறு வழியில்லாமல் அண்ணியோடு வேலைக்குப் போக ஆரம்பித்தவள் நான். அவள் அடுக்குவாள், நான் தேய்ப்பேன். எனக்கு இந்தச் சக்தி, திசை எதிலும் துளி நம்பிக்கை கிடையாது. இரண்டு வருடத்துக் குப்பையை ஒரே நாளில் வெளியே கொண்டுபோனால் யாருக்கும்தான் தூக்கம் வரும், அதற்கு எதற்குக் காம்பஸ் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்வேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் கைபட்ட அறைக்குள் நுழைந்தால் தோள் தானாக இறங்கும். எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மூன்று பெட்டி வைப்பாள். வைத்துக்கொள்வது ஒன்று, கொடுத்துவிடுவது ஒன்று, எறிவது ஒன்று. வீட்டின் பின்கோடியில் ஆரம்பித்து, மூலைக்கு மூலை கைதட்டி, அழுக்கையெல்லாம் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே வருவாள். கடைசியாக வாசற்படி. அதைத் துடைத்து முடிக்கும்வரை வெளியாள் ஒருவரும் உள்ளே வரக் கூடாது. வந்தால் வெளியே போய்க்கொண்டிருக்கும் பழசெல்லாம் திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளுமாம். இந்த விதியில் மட்டும் அவள் இரும்பு. ஆனால் வருகிறவர்களுக்கு இதை விளக்கப் போனால் பொழுது போய்விடும். பக்கத்து வீட்டுக்காரி வருவாள், கேபிள்காரன் வருவான், நின்று வாக்குவாதம் செய்வார்கள். அதற்காக அண்ணி ஒரு சின்னப் பொய்யைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர்கள் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பாள். அதைக் கேட்டால் ஒருவரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நல்ல யோசனை என்று நானே மெச்சியிருக்கிறேன்.

நான் சொல்ல வந்த வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டது அந்த வீட்டு மகள். ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இருந்தது, ஆனால் குரல் செத்துப்போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். நடு அறையில் கட்டில். கூடத்துச் சுவரில், முன்வாசலைப் பார்த்தபடி, ஆளுயரக் கண்ணாடி ஒன்று லேசாகச் சாய்த்து மாட்டியிருந்தது. கட்டிலில் படுத்தால் அந்தக் கண்ணாடிக்குள் வாசற்கதவு முழுசாகத் தெரியும். அம்மா தூங்காமல், சாப்பாட்டைக்கூடக் கவனிக்காமல், நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று மகள் சொன்னார்.

பார்ப்பது தம்பிக்காக. பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன். நான் சொல்கிறவரைக்கும் இந்த வாசற்படியை மிதிக்காதே என்று அப்பா கத்தியிருக்கிறார். வரச் சொல்லாமலேயே நாலு வருடத்தில் அவர் இறந்துபோனார். தகவல் சொல்ல முகவரிகூட இல்லை. அம்மா மட்டும் அவன் வருவான் என்று இருந்தார். வீட்டை விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள இடத்துக்குப் போகலாம் என்று மகள் எத்தனையோ தடவை கெஞ்சியும் அசையவில்லை. அவன் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவான் என்பார். "கண்ணாடிய முதல்ல எடுத்துடுங்க. அம்மா கொஞ்சம் தூங்கட்டும்" என்றார் மகள். அண்ணிக்கு அதில் இரட்டைச் சந்தோஷம். வாசலுக்கு எதிரே கண்ணாடி என்பது அவள் புத்தகத்தில் முதல் பக்கத்துக் குற்றம்.

அது ஒரு புதன்கிழமை. மகள் வேலைக்குப் போனபிறகு ஆரம்பித்தோம். பின்னறையை முதலில் முடித்துவிட்டு, தூசி படாமல் இருக்கட்டும் என்று அம்மாவைச் சக்கர நாற்காலியில் அங்கே கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினோம். கண்ணாடியைக் கழற்றிச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தோம். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் சமையலறையில் ஸ்டூல்மேல் ஏறிப் புகைபோக்கி விசிறியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அண்ணி வாசலுக்கு வந்துவிட்டாள். கடைசிப் படியைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அப்போது ஓர் ஆண் குரல், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது.

அண்ணி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "வேலை நடக்குதுங்க. வீட்டுக்காரங்க யாரையும் உள்ள விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

பிறகு அந்த ஆள் கேட்டார். "யாரையுமேவா?"

"யாரா இருந்தாலும்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. நான் விசிறியை விட்டு இறங்கக்கூட இல்லை. வசூலுக்கு வந்த ஆளாக இருக்கும் என்று நினைத்தேன், அதையும் ஒரு நிமிடத்தில் மறந்தேன்.

வேலை முடிந்து அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. தூசி கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து அண்ணி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கட்டிலில் படுக்கவைத்தபோது அம்மா அண்ணியின் முந்தானையைப் பிடித்து, யாராவது வந்தார்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை என்று அண்ணி யோசிக்காமல் சொன்னாள். அப்போது அது அவளுக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. வாசலோடு திரும்பிப் போகிறவர்களை எங்கள் தொழிலில் வந்தவர்களாக எண்ணுவதில்லை.

தெருமுனையில் சாவி போடுகிற கடை ஒன்று இருந்தது. நாங்கள் வாளியும் துடைப்பமுமாகப் போனபோது கடைக்காரர் கூப்பிட்டு, வந்தவர் அந்த வீட்டுப் பையன்தானே, ஏன் உடனே போய்விட்டார் என்று கேட்டார். காலையில் இரண்டு தடவை அந்த வீட்டைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்திருக்கிறார். பிறகு கடையில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எங்கம்மா இன்னும் அந்த வீட்டில்தானே இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் தெருவுக்குப் புதுசு, அதனால் எங்களை வீட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணி வாளியை நடுத்தெருவில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். நான் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். யாரைத் தேடுவது? வருகிற போகிற ஆண்களையெல்லாம் பார்த்துக்கொண்டு பைத்தியம் மாதிரி நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அண்ணி சாவிக்கடை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேனே, சொன்னேனே என்று அதையே முனகிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்தது அவனுக்குத் தெரியாது. பழைய உத்தரவு இன்னும் நிற்கிறது என்றுதானே அவன் நினைத்திருப்பான்?

உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். வேண்டாம் என்று தடுத்தது நான்தான். இதை மறைக்க மாட்டேன். சொன்னால் அந்த அம்மாவின் உயிர் அங்கேயே போய்விடும், அவன் எப்படியும் மறுபடி வருவான், அதுவரை வாயைத் திறக்காதே என்று அடித்துப் பேசினேன். சாவிக்கடைக்காரரிடமும் நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பயம்.

மறு புதன்கிழமை அண்ணி போய், அளவு பார்த்ததில் தவறிவிட்டது என்று மகளிடம் சொல்லி, கண்ணாடியைப் பழைய இடத்திலேயே மாட்டினாள். அம்மா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலையைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அப்படித்தான் படுத்தார். நன்றாகத் தூங்குகிறார், அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறார் என்று மகளுக்கு ஒரே பூரிப்பு. எங்கள் கைராசியைப் போகிற இடமெல்லாம் சொல்ல, அந்த ஒரு வீட்டால் எங்களுக்குப் பத்து வீடு கிடைத்தது. ஒவ்வொரு புது வீட்டுக்காரரும் அதைச் சொல்லிப் பாராட்டும்போது அண்ணி காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள்.

அடுக்கியது படிய நாளாகும், வாராவாரம் வந்து பார்க்க வேண்டும் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி, புதன்கிழமைதோறும் அந்த வீட்டுக்குப் போனாள். கூலி வாங்கமாட்டாள். நானும் கூடப் போவேன். அம்மாவுக்குத் தலை சீவி, விரிப்பு மாற்றி, மருந்து அலமாரியை ஒழுங்குபடுத்திவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அம்மா கூப்பிடுவார். யாராவது வந்தார்களா என்று கேட்பார். இல்லையம்மா என்பாள் அண்ணி. மூன்று வருடம் இது தவறாமல் நடந்தது. வீட்டிலேயே கிடக்கிறவர், வாரம் ஒரு நாள் வருகிற எங்களிடம் ஏன் இதைக் கேட்கிறார் என்று நாங்கள் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அண்ணி மாறிப்போனாள். வேலைக்குப் போகிற வீடுகளில் வாசலை விட்டு நகரமாட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து எச்சில் கையோடு போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள். வெளியே யாரும் இருக்கமாட்டார்கள். கடையில் யாராவது "சரி" என்று சொன்னால் வெடுக்கென்று திரும்புவாள். அண்ணன் போனில் பேசி முடிக்கும்போது சரி என்று சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. பாவம் அவர், வேறு வார்த்தை தேடித் திணறுவார். எனக்கும் லேசாக இல்லை. எந்த வீட்டுச் சமையலறையில் ஸ்டூல்மேல் ஏறினாலும் முன்வாசலில் யாரோ நிற்பதுபோல் முதுகு கூசும். இறங்கிப் போய்ப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை இறங்குவேன். நம்பிக்கை இல்லாதவளுக்கு வந்த கதி இது.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அந்தப் புத்தகத்தை எடுத்து அட்டை முதல் அட்டை வரை படித்தேன். சுத்தம் செய்யும்போது யாரும் உள்ளே வரக் கூடாது என்ற விதி அதில் எங்குமே இல்லை. அண்ணியிடம் போய், இது எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்று கேட்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்த நிபுணர் வாயால் சொன்னாரோ என்று யோசித்தாள். கடைசியில் அவளுக்கே ஞாபகம் வந்தது. லாட்ஜில் மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தது அது. ஈரத்தரையில் ஆள் நடந்தால் காலடி விழும், மறுபடி துடைக்க வேண்டும், அதனால் காயும்வரை யாரையும் விடாதே. பன்னிரண்டு வருடம் அதைச் செய்து செய்து, எது லாட்ஜ் விதி, எது ஃபெங் சுய் விதி என்பது அவளுக்குள் கலந்துபோயிருந்தது. அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் முகம் போன போக்கைப் பார்த்தபிறகு எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

இந்த வருடம் மகள் மறுபடியும் வீட்டை விற்கிற பேச்சை எடுத்தார். அம்மா தலையாட்டிவிட்டாராம். ஒரு வார்த்தை மறுப்பில்லை. பதினாலு வருடமாக இந்த வாசலை விடமாட்டேன் என்றவர் இப்படிச் சட்டென்று சம்மதித்துவிட்டாரே, எல்லாம் நீங்கள் அடுக்கிவைத்த நேரம் என்று மகள் போனில் சந்தோஷமாகச் சொன்னார். அண்ணி போனை வைத்தாள். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அவன் நாளைக்கே வந்தாலும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்றாள். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மகள் வேலைக்குப் போகும்வரை காத்திருந்தோம். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். படி துடைத்தது, வந்தவர் கேட்டது, தான் சொன்ன பொய், சாவிக்கடை, மூன்று வருடம். சொல்லச் சொல்ல அழுதாள். நான் கதவருகில் நின்றேன். அம்மா முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"தெரியும்" என்றார். "பின்னறையில கேட்டுது. அவன் குரல்தான். கூப்பிட்டேன். நான் கூப்பிட்டது எனக்கே கேக்கல."

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், இல்லாத குரலை வைத்துக்கொண்டு அந்த அம்மா மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் நான் விசிறியைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சுரண்டல் சத்தம் இப்போது என் காதுக்குள்ளேயே கேட்டது.

திட்டுவார் என்று இருந்தோம். திட்டியிருந்தால் தேவலை. அவர் அண்ணியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். மூன்று வருடத்தில் அவர் கண்ணில் அப்படி ஒரு ஆவலை நான் பார்த்ததில்லை.

"எப்படி இருந்தான்?"

அம்மா அதோடு நிறுத்தவில்லை.

"மெலிஞ்சிருந்தானா? அவனுக்கு இந்தப் பக்கம் முடி சீக்கிரம் நரைக்கும்னு நெனச்சேன். அப்பா மாதிரி. நரைச்சிருந்துதா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் அவளிடம் கேட்காமலே விட்ட கேள்வி அது. குனிந்து படியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. துடைத்த இடத்தில் கால் வைத்துவிடப் போகிறானே என்று அவன் செருப்பையே பார்த்துக்கொண்டு பேசி அனுப்பியிருக்கிறாள். ஒரு பொய் சொல்லிவிடு, நரைத்திருந்தது என்று சொல்லிவிடு என்று எனக்குள் கத்தினேன். வாய் கூசாமல் பொய் சொன்னவள் அன்று சொல்லவில்லை.

"நான் முகத்தைப் பாக்கலம்மா."

அம்மா என் பக்கம் பார்த்தார். "நீ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். சமையலறையில் இருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமில்லை. எதையோ நீட்டி, வாங்கக் கை இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிற மாதிரி, அந்த ஆவல் கண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"குரல நான் கேட்டேன்" என்றார். "முகத்த நீ பாத்திருப்பே, என்னிக்காவது ஒரு நாள் என்கிட்ட சொல்லுவேன்னு இருந்தேன்."

அதற்காகத்தான் வாராவாரம் கேட்டிருக்கிறார். அவன் வருவானா என்று தெரிந்துகொள்ள அல்ல.

அவர்கள் புது வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பழைய வீட்டை வாங்கியவர்களிடம் அண்ணி புது முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீடுகளிலும் கொடுத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். புதன்கிழமை புது வீட்டுக்கும் போகிறோம். தலை சீவிவிடுகிறோம், விரிப்பு மாற்றுகிறோம், மருந்தை அடுக்கிவைக்கிறோம். கிளம்பும்போது அண்ணி கட்டிலருகே போய் நிற்பாள். அம்மா பத்திரமாகப் போய்வாருங்கள் என்கிறார். யாராவது வந்தார்களா என்று அவர் இப்போது கேட்பதில்லை.